லாங்வுட்டா, ஹூஸ்டனா: முதுமுனைவர் ஆய்வுக்கு எந்த வளாகம்?

உயிர்மருத்துவத் துறையில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு அமெரிக்காவில் முதுமுனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்களில் பலர், கடைசியில் இரண்டு இடங்களுக்கு இடையே முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள். ஒன்று பாஸ்டனின் லாங்வுட் மருத்துவக் கல்விப் பகுதி. மற்றொன்று ஹூஸ்டனின் டெக்சாஸ் மருத்துவ மையம். இரண்டிலும் பெரிய மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் மருத்துவக் கல்லூரிகளும், ஏன் பள்ளிக்கூடங்களும்கூட, பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. அதனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வகை இடங்களாகத் தெரிகின்றன. பேச்சும் ‘ஹார்வர்டா, எம்.டி. ஆண்டர்சனா’ (பின்னது ஹூஸ்டனின் புற்றுநோய் மருத்துவமனை) என்று பெயர் அளவிலேயே முடிந்துவிடுகிறது. பெயரை வைத்து முடிவெடுப்பது தவறு என்பது என் கருத்து. அந்த வளாகத்தில் எது பொதுவானது, எது தனித்தனி நிறுவனங்களுக்கு உரியது, உங்களுக்குச் சம்பளம் தரப்போவது அவற்றில் எது என்பவற்றைப் பார்த்துவிட்டே ஒப்பிட வேண்டும்.

முதலில் நிலம் யாருடையது என்பதைப் பார்க்கலாம், ஏனெனில் மற்ற வேறுபாடுகளில் பல அதிலிருந்தே பிறக்கின்றன. ஹூஸ்டன் வளாகம் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. பருத்தி வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய மன்ரோ டனவே ஆண்டர்சன் 1936-இல் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவி, 1939-இல் காலமானார். அந்த அறக்கட்டளை ஹெர்மன் பூங்காவை ஒட்டிய 134 ஏக்கர் நிலத்தை நகராட்சியிடமிருந்து வாங்கியது; 1945-இல் டெக்சாஸ் மருத்துவ மையம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு பதிவு செய்யப்பட்டது. அந்த அமைப்பு மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, மருத்துவம், கல்வி, ஆய்வு ஆகிய பொதுநலப் பணிகளுக்கே அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதி வைத்தது. டாலஸிலிருந்து பேய்லர் மருத்துவக் கல்லூரி 1943-இலேயே ஹூஸ்டனுக்கு வந்துவிட்டது. மெதடிஸ்ட், டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனை, செயின்ட் லூக்ஸ், எம்.டி. ஆண்டர்சன் ஆகியவை 1950-களின் முற்பாதியில் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே கட்டடம் எழுப்பின. இன்று அந்த வளாகம் ஆயிரம் ஏக்கரையும் தாண்டிப் பரந்திருக்கிறது.

லாங்வுட்டுக்கு அப்படி ஒரு நில உரிமையாளர் என்றுமே இருந்ததில்லை. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி 1906-இல் ஐந்து வெள்ளைப் பளிங்குக் கட்டடங்களுடன் லாங்வுட் சாலைக்கு இடம்பெயர்ந்தது. 1913-இல் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனை, அடுத்த ஆண்டில் குழந்தைகள் மருத்துவமனை, 1928-இல் பெத் இஸ்ரேல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே நிலம் வாங்கிக்கொண்டு அதன் அருகில் வந்து சேர்ந்தன. இருநூறு ஏக்கருக்குச் சற்று அதிகமான பரப்பில் இத்தனை நிறுவனங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், விரிவாக்கம் என்றால் ஒன்று மேல்நோக்கி உயர வேண்டும், இல்லையேல் பக்கத்துக் குடியிருப்பின்மேல் கைவைக்க வேண்டும். 1969-இல் ஹார்வர்ட் இரண்டாவது வழியில் இறங்கி, மிஷன் ஹில் பகுதியில் தனக்குச் சொந்தமான வீடுகளை இடித்துப் புதிய மருத்துவமனை கட்ட முனைந்தபோது, வாடகைக்குக் குடியிருந்தவர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். அதன் விளைவாக எழுந்த மிஷன் பார்க் குடியிருப்பு இன்றும் மருத்துவமனைகளை ஒட்டியே இருக்கிறது. பேருந்து, வாகன நிறுத்தம், சாலைத் திட்டமிடல் போன்றவற்றைப் பொதுவில் கவனிப்பதற்காக லாங்வுட் நிறுவனங்கள் 1972-இல் மாஸ்கோ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஓர் அமைப்பை உருவாக்கின; இப்போது அதன் பெயர் லாங்வுட் கலெக்டிவ். பழைய பெயரைக் கேட்டு ரஷ்யாவை நினைக்க வேண்டாம். அது நிலத்தின் சொந்தக்காரர் அல்ல, உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் சேவை அமைப்பு மட்டுமே.

இந்த வேறுபாடு ஓர் ஆய்வாளரின் அன்றாடத்தில் எங்கே வந்து நிற்கிறது? பணி நியமனக் கடிதத்தின் தலைப்பில்தான். லாங்வுட்டில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரிக்கென்று சொந்த மருத்துவமனை கிடையாது. பிரிகாம், பெத் இஸ்ரேல் டீக்கனஸ், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை, டேனா ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் ஆகியவை அதனுடன் இணைப்பு ஒப்பந்தம் கொண்ட தனிச் சட்ட நிறுவனங்கள். அவற்றின் ஆய்வகங்களில் சேரும் ஒருவருக்கு ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுத் தகுதிப் பெயரும் கிடைக்கிறது. ஆனால் சம்பளம், மருத்துவக் காப்பீடு, விடுமுறை, பெரும்பாலும் விசா தொடர்பான ஏற்பாடுகளும் மருத்துவமனையின் விதிகளின்படியே நடக்கின்றன. ஊரில் உறவினர்களிடம் ‘ஹார்வர்டில் இருக்கிறான்’ என்று சொல்லிக்கொள்வதில் பொய்யில்லை என்றாலும், ஒரே சாலையின் இருபுறமும் உள்ள இரண்டு ஆய்வகங்களில் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்குச் சலுகைகள் வேறுபடக்கூடும்.

இது வெறும் காகித வேறுபாடு அன்று என்பதை 2025 காட்டியது. அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அரசு ஹார்வர்டுக்கான ஏறத்தாழ 220 கோடி டாலர் ஆய்வு நல்கைகளை முடக்கியது. அந்நடவடிக்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று செப்டம்பரில் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகத்தின் பெயரில் நல்கை பெற்றிருந்த ஆய்வகங்கள்தாம் இதில் நேரடியாக அடி வாங்கின. இணைப்பு மருத்துவமனைகள் சொந்தப் பெயரில் நல்கை பெறுபவை என்பதால் அவற்றின் நிலை வேறாக இருந்தது. மே மாதம் அயல்நாட்டு மாணவர்களைச் சேர்க்கும் ஹார்வர்டின் உரிமையை அரசு பறிக்க முயன்றதும், அதை நீதிமன்றம் தடுத்ததும் நினைவிருக்கலாம். ‘ஹார்வர்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருந்த சட்டப் பிரிவினைகள் அந்த மாதங்களில்தான் பலருக்கும் புரிந்தன.

ஹூஸ்டனிலும் நிறுவனங்கள் தனித்தனியே. பேய்லர் தனியார் கல்லூரி; எம்.டி. ஆண்டர்சனும் யுடி ஹெல்த் ஹூஸ்டனும் டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்த மாநில நிறுவனங்கள். பின்னவை இரண்டும் சேர்ந்து ஒரு பட்ட மேற்படிப்புப் பள்ளியையே கூட்டாக நடத்துகின்றன. ஹூஸ்டனுக்கு உள்ள பெரிய அனுகூலம், நடுவண் அரசின் நிதியோடு மாநிலத்தின் சொந்த நிதியும் இருப்பது. புற்றுநோய் ஆய்வுக்காக 300 கோடி டாலர் கடன் பத்திரங்களை வெளியிட டெக்சாஸ் வாக்காளர்கள் 2007-இல் ஒப்புதல் அளித்தார்கள். 2019-இல் மேலும் 300 கோடிக்கு ஒப்புக்கொண்டார்கள். வெளியிலிருந்து ஆய்வாளர்களை ஈர்க்கவே அதில் ஒரு பகுதி செலவாகிறது. புற்றுநோய் உங்கள் துறையாக இருந்தால், வாஷிங்டனில் காற்று மாறும்போது இந்த நிதி ஒரு பிடிமானம். நரம்பியலோ தொற்றுநோயோ என்றால் இந்தக் காரணத்துக்கு அவ்வளவு எடை தர வேண்டியதில்லை.

பக்கத்தில் இருப்பதாலேயே நிறுவனங்கள் ஒத்துழைக்கும் என்ற நம்பிக்கை இரண்டு வளாகங்களின் விளம்பரங்களிலும் நிறைந்திருக்கிறது. வரலாறு அதை அரைகுறையாகவே ஆதரிக்கிறது. பிரிகாமில் 1954 டிசம்பர் 23-ஆம் நாள் ஜோசப் மர்ரி செய்த சிறுநீரக மாற்று அறுவை, மனிதரில் வெற்றி பெற்ற முதல் உறுப்பு மாற்று என்ற பெருமையுடையது. அவருக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே தெருவில்தான் 2023 செப்டம்பரில் டேனா ஃபார்பர், பல்லாண்டுகளாகத் தன் வயது வந்த உள்நோயாளிகளை அனுமதித்துவந்த பிரிகாமை விட்டு விலகி, பெத் இஸ்ரேல் டீக்கனஸுடன் சேர்ந்து 300 படுக்கைகள் கொண்ட புதிய புற்றுநோய் மருத்துவமனை கட்டப்போவதாக அறிவித்தது. டேனா ஃபார்பருக்கும் பிரிகாமுக்கும் இடையில் தெருவுக்கு மேலே நடைபாலம் இருக்கிறது. ஒரு கட்டடத்தில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, வெளியே பனி கொட்டினாலும் கோட்டை எடுக்காமல் மறு கட்டடத்துக்குப் போகலாம். அவ்வளவு நெருக்கமாக இணைந்த இரண்டும் பிரிகின்றன. இப்போதைய ஏற்பாடு 2028 வரை என்று பேச்சு. புற்றுநோய் ஆய்வகங்களுக்கு இது சிறிய செய்தி அன்று. அறுவைக்கூடத்திலிருந்து புதிய திசு எந்த நேரத்தில், யாருடைய ஒப்புதலோடு ஆய்வகத்துக்கு வருகிறது என்பதே பல ஆய்வுகளுக்கு உயிர்நாடி. ஏழு ஹார்வர்ட் நிறுவனங்கள் சேர்ந்து 1999 முதல் நடத்தும் கூட்டுப் புற்றுநோய் மையம் இருப்பதால் ஆய்வு ஒத்துழைப்பு ஒரேயடியாக அறுந்துவிடாது. ஆனால் பிரிகாமிலோ டேனா ஃபார்பரிலோ இப்போது சேருபவர் தம் மேற்பார்வையாளரிடம் 2028-க்குப் பிறகு நோயாளி மாதிரிகள் எங்கிருந்து வரும் என்று வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும். இந்தக் கேள்வியை அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஒரே அமைப்பின் நிலத்தில் நின்றாலும் ஹூஸ்டன் இதில் மேலானதாக இருந்ததில்லை. மைக்கேல் டிபேக்கியின் ஆய்வகத்தில் உருவானதாகக் கருதப்பட்ட செயற்கை இதயத்தை 1969 ஏப்ரலில் டென்டன் கூலி ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அதிலிருந்து எழுந்த பகை, அடுத்தடுத்த கட்டடங்களில் பணியாற்றிய அந்த இரு பெரும் அறுவை மருத்துவர்களையும் 2007 வரை பேசாமல் வைத்திருந்தது. 2004-இல் பேய்லரும் மெதடிஸ்டும் அரை நூற்றாண்டு உறவை முறித்துக்கொண்டன. நிலப் பத்திரத்தில் எழுதிய நிபந்தனை நிலத்தைத்தான் கட்டுப்படுத்தும், மனிதர்களை அல்ல.

உண்மையிலேயே பொதுவில் இருப்பவை கண்ணுக்குப் படாத வசதிகள். லாங்வுட்டில் ஒரு பொது ஆற்றல் நிலையம் மருத்துவமனைகளுக்கு மின்சாரமும் நீராவியும் குளிர்நீரும் தருகிறது. ஹூஸ்டனில் நீராவியையும் குளிர்நீரையும் ஓர் இலாப நோக்கற்ற நிறுவனம் தருகிறது. மைனஸ் எண்பது பாகை உறைபெட்டிகளில் ஐந்தாண்டு உழைப்பை வைத்திருப்பவருக்கு இவை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2001 ஜூனில் ஹூஸ்டனைத் தாக்கிய ஆலிசன் புயலே சான்று. பிரேஸ் கால்வாய் நிரம்பி வழிந்து, தரைக்கடி வாகன நிறுத்தங்களுக்குள் வெள்ளம் இறங்கியது. அங்கிருந்து, கட்டடங்களை இணைப்பதற்காகவே கட்டப்பட்ட சுரங்க வழிகள் அதை அடுத்தடுத்த கட்டடங்களின் அடித்தளங்களுக்குக் கொண்டு சேர்த்தன. மின்மாற்றுக் கருவிகள் பல கீழ்த்தளத்தில் இருந்ததால் மின்சாரம் போயிற்று. மெமோரியல் ஹெர்மன் மருத்துவமனை தன் நோயாளிகளை, தீவிர சிகிச்சையில் இருந்தவர்கள் உட்பட, இருட்டில் படிக்கட்டு வழியே தூக்கிக்கொண்டு வெளியேற்றியது. பேய்லரின் அடித்தளத்தில் பல்லாயிரம் ஆய்வு விலங்குகள் மூழ்கின. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த திசு மாதிரிகளும் உறைபெட்டிகளோடு அழிந்தன. இணைப்பு என்பது வெள்ளத்துக்கும் வழிதான் என்பதை அந்த இரவு கற்பித்தது.

அதன் பின் ஹூஸ்டன் நிறுவனங்கள் பெரும் பொருட்செலவில் சுரங்க வழிகளிலும் வாயில்களிலும் நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவை போன்ற கனத்த கதவுகளைப் பொருத்தின. மின்கருவிகளை மேல்தளங்களுக்கு மாற்றின. 2017-இல் ஹார்வி புயல் ஆலிசனைவிட அதிக மழையைக் கொட்டியபோது, வளாகத்தின் பெரும்பகுதி இயங்கிக்கொண்டே இருந்தது. ஆகையால் இன்றைய ஹூஸ்டனில் வெள்ளம் ஆய்வகத்தைவிட உங்கள் வீட்டுக்கே பெரிய அச்சுறுத்தல். வீடு பார்க்கும்போது வெள்ள அபாய வரைபடத்தைப் பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. பாஸ்டனுக்குப் பனி இருக்கிறது. 2015 பிப்ரவரியில் ரயில்கள் அடியோடு நின்ற நாட்கள் உண்டு. ஆனால் பனி உருகிவிடும், மாதிரிகளைக் கொண்டுபோவதில்லை.

வாழ்க்கைச் செலவில் ஒப்பீடு ஒருபக்கமாகவே சாய்கிறது. முதுமுனைவர் ஆய்வாளருக்கான தேசிய சுகாதார நிறுவனத்தின் தொடக்க உதவித்தொகை 2024-இல் 61,008 டாலர். இரண்டு ஊர்களிலும் இதுவே அளவுகோல், பாஸ்டன் நிறுவனங்கள் சற்றுக் கூடுதலாகத் தருவதுண்டு. மாசசூசெட்ஸ் மாநிலம் அதில் 5 விழுக்காடு வருமான வரி பிடிக்கிறது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. லாங்வுட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு தேடினால், சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும். மாணவர் நகரம் என்பதால் பாஸ்டனின் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்குகின்றன. ஜனவரியில் போய் இறங்குபவர் ஏற்கெனவே இருப்பவர்களோடு பகிரும் அறையைத்தான் தேட வேண்டியிருக்கும்.

போக்குவரத்தில் நிலைமை தலைகீழ். லாங்வுட்டில் கார் ஒரு சுமை. நிறுத்த இடமும் இல்லை, கட்டணமும் கட்டுப்படியாகாது. பசுமை வழித்தட டிராமின் இரண்டு கிளைகள் அதைத் தொட்டுச் செல்கின்றன. புதிதாக வருபவர்கள் முதல் வாரத்தில் தடுமாறும் இடமும் அதுதான்: டி கிளையில் ‘லாங்வுட்’ என்று ஒரு நிறுத்தம், இ கிளையில் ‘லாங்வுட் மெடிக்கல் ஏரியா’ என்று இன்னொன்று. இரண்டும் மருத்துவப் பகுதியின் எதிரெதிர் ஓரங்களில் இருப்பதால், மாறி இறங்கியவர் காலை நேரத்து வெள்ளைக் கோட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து லாங்வுட் சாலை வழியே அந்தப் பகுதியை நடந்தே கடக்க வேண்டும். ஹார்வர்ட் சதுக்கத்துக்கு எம்2 என்ற பேருந்து போகிறது. ஹூஸ்டனில் 2004 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கிய சிவப்பு வழித்தட ரயில் ஃபானின் தெரு வழியே வளாகத்தின் நடுவே ஓடுகிறது, நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் நம்மவர்கள் அதிகம் வாழும் பியர்லேண்டிலிருந்தும் சுகர்லேண்டிலிருந்தும் கார் இல்லாமல் பிழைப்பது கடினம். ஆகவே ஹூஸ்டனில் வாடகையில் மிச்சமாவதில் ஒரு பகுதியைக் காரும் காப்பீடும் எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும், ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு ஹூஸ்டனே மேல்.

பாஸ்டனுக்குச் சாதகமான வலுவான வாதம் சார்லஸ் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது. முதுமுனைவர் ஆய்வாளர்களில் பேராசிரியர் பணிக்குச் செல்பவர்கள் சிறுபான்மையினரே. மற்றவர்களுக்கு மருந்து நிறுவனங்களும் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களும்தாம் போக்கிடம். கேம்பிரிட்ஜின் கெண்டல் சதுக்கத்தில் அவை குவிந்திருக்கின்றன. மாலையில் ஒரு கருத்தரங்குக்குப் போய் நான்கு பேரிடம் பேசிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். அந்தத் துறை 2022-க்குப் பின் ஆட்குறைப்பில் தத்தளித்தாலும், வேலை திரும்பும்போது முதலில் திரும்புவது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஹூஸ்டன் இந்தக் குறையை அறிந்தே, எம்.டி. ஆண்டர்சன், டெக்சாஸ் ஏ அண்ட் எம், யுடி ஹெல்த் ஆகியவை பங்குகொள்ளும் ஹெலிக்ஸ் பார்க் வளாகத்தில் 2023-இல் கூட்டு ஆய்வுக் கட்டடத்தைத் திறந்தது. கட்டடம் வந்துவிட்டது, நிறுவனங்களின் அடர்த்தி இன்னும் வரவில்லை. மறுபுறம், புற்றுநோய்ச் சிகிச்சை ஆய்வில் நோயாளிகளின் எண்ணிக்கையே ஆய்வின் பலம் என்றால் எம்.டி. ஆண்டர்சனுக்கு இணை தேடுவது கடினம். நோய்த்தடுப்பாற்றல் வழிச் சிகிச்சைக்காக 2018-இல் நோபல் பெற்ற ஜேம்ஸ் ஆலிசன் அங்கேதான் பணியாற்றுகிறார். டேனா ஃபார்பரின் வில்லியம் கேலின் அடுத்த ஆண்டே நோபல் பெற்றார் என்பதால், நோபல் கணக்கை வைத்து முடிவெடுக்க முயல்பவர்களுக்கு விடை கிடைக்காது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் பரிந்துரை இது. தனியாள், அடிப்படை உயிரியல், பின்னர் நிறுவன வேலை என்ற திட்டம் உடையவர் லாங்வுட்டைத் தேர்ந்தெடுக்கலாம். முடிந்தால் நிதி பல மூலங்களிலிருந்து வரும் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் சேரலாம். மணமானவர், புற்றுநோய்த் துறையினர், நோயாளி மாதிரிகளோடு வேலை செய்பவர், கொஞ்சம் சேமிக்க விரும்புபவர் ஆகியோர் ஹூஸ்டனுக்குப் போகலாம். துணைவருக்கு வேலை வேண்டுமென்றால் ஊரைவிட விசா முக்கியம்: ஜே-1 என்ற பரிமாற்றப் பார்வையாளர் விசாவில் வருபவரின் துணைவர் பணி அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த விசாவோடு ஒட்டிவந்த இரண்டாண்டு தாய்நாடு திரும்பும் நிபந்தனையும், துறைப்பட்டியல் (தாய்நாட்டுக்குத் தேவையான துறைகள் என்று அமெரிக்க அரசு நாடுவாரியாக வைத்திருக்கும் பட்டியல்) காரணமாக வந்த அளவில், 2024 டிசம்பரில் இந்தியா அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதால் தளர்ந்திருக்கிறது. அரசு நிதியில் வருபவர்களுக்கும் மருத்துவப் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் அது இன்னும் பொருந்தும்.

கோயில், தமிழ்ப் பள்ளி, இட்லி மாவு என்ற வகையில் இரண்டு ஊரிலும் குறையில்லை. பியர்லேண்டில் மீனாட்சி அம்மன், பாஸ்டனுக்கு மேற்கே ஆஷ்லேண்டில் லட்சுமி. பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டு வளாகங்களுக்குள்ளும் பெயர்பெற்ற, தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன: ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரிக்கு எதிரே 1635-இல் தொடங்கிய பாஸ்டன் லத்தீன் பள்ளி, ஹூஸ்டனில் டிபேக்கியின் பெயரைத் தாங்கிய மருத்துவத் தொழில்களுக்கான உயர்நிலைப் பள்ளி. பெற்றோர் அந்தத் தெருவில் வேலை செய்வது சேர்க்கைக்கு உதவாது. முன்னதில் சேரப் பாஸ்டன் நகர எல்லைக்குள் வசிக்க வேண்டும். டிராமில் சில நிறுத்தங்கள் தள்ளியுள்ள புரூக்ளைன் தனி ஊராட்சி என்பதால் கணக்கில் வராது. பின்னது ஹூஸ்டன் கல்வி மாவட்டத்தின் பள்ளி. பியர்லேண்டுக்கும் சுகர்லேண்டுக்கும் வேறு கல்வி மாவட்டங்கள். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை இருப்பவர்கள் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இந்த எல்லைக் கோடுகளையும் பார்த்துவிடுவது நல்லது.